பந்துக்குக் காற்றடித்தவர்

அன்பு வெட்டுக்கிளிக்கு உன் அண்ணி எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விடியலில் கடவுளிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். இன்றைக்கும் கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசாமல் எதற்கு இத்தனை தாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஏதாவது ஆரம்பிப்பேன். பின்னால் உன் அண்ணன் இருமுவார். உடனே நீ, "சரி அண்ணி, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாய். எத்தனை வருஷமாக உன் வீட்டில் அந்தப் பால் பொங்கிக்கொண்டிருக்கிறதோ! கடிதத்தில் இருமல் கேட்காது. அதனால்தான் கடிதம்.

ஒவ்வொரு தடவையும் "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பாய். அந்த "எல்லாரும்" என்ற சொல்லுக்குள் அவரை ஒளித்துவைத்துத்தான் விசாரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிடுவேன். கணக்கு எழுதிப் பழகியவளுக்கு இப்படி மொத்தமாகப் போட்டு எழுதுவது பிடிக்காது. இந்தத் தடவை தனித்தனியாக எழுதுகிறேன்.

பெரியவன் வெளியூரில் நலம். பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லை டப்பாவில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறானாம். சின்னவளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறை இல்லை.

உன் அண்ணனுக்கு அடுத்த மாதக் கடைசியில் இதயத்தில் ஒரு வால்வை மாற்றப் போகிறார்கள். பயப்படுகிற மாதிரி இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார், ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தார். உன் அண்ணனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "ஒரு வால்வு மாத்தறதுக்கு இவ்வளவு பேச்சா டாக்டர்? பஸ் டெப்போல நான் எத்தனை மாத்திருக்கேன். அதுக்கப்புறம் வண்டி மலை ஏறலையா?" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்க எஞ்சினை நிறுத்திட்டுத்தானே மாத்தினீங்க என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த செய்தி. இப்போது நம் வாலிபால் சங்கத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறவள்தான். சிரிக்காதே. எழுபது வயதானவர் நாற்காலியை விட்டுவிட வேண்டும் என்று உன் அண்ணன் எப்போதோ விதி எழுதி வைத்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எழுதும்போது அவருக்குத் தலை நிறைய முடி. எழுபது எங்கேயோ வேறு யாருக்கோ வரப் போகிற வயது என்று நினைத்திருப்பார். இந்த வருஷம் அது அவரையே தேடி வந்துவிட்டது. விதியைத் திருத்திவிடலாம் என்று எல்லாரும் கெஞ்சினார்கள். "எனக்காகத் திருத்தினா அதுக்குப் பேரு விதி இல்ல, சலுகை" என்று எழுந்து, நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மருந்துக்கடை அக்கா சும்மா இருப்பாளா? "இத்தனை வருஷமா ஸ்டியரிங்கப் பிடிச்சதுதான் அவரு. வண்டி ஓட்டினது இவங்கதான்" என்று என்னைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்திவிட்டாள். கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் தூக்கினார்கள், உன் அண்ணன் மட்டும் தூக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று உனக்குப் புரியவில்லை என்றால், இந்தக் கடிதத்தை முடிக்கும்போது புரியும்.

தலைவரான அன்று வீட்டுக்கு வந்து பிரார்த்தனையில் உட்கார்ந்தால் மனது கடவுளிடம் நிற்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பழைய திடலுக்கு ஓடிவிட்டது. உனக்கு அந்தத் திடல் ஞாபகம் இருக்கிறதா? விளையாட ஆரம்பிக்கும் முன்னால் எல்லாரும் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்குவோம். டெப்போவில் கழித்துப்போட்ட குழாய்கள்தான் நமக்குக் கம்பம். கோடு போட வாங்கிய வெள்ளைப் பொடியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் நான் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொடுப்பேன். பெயிண்ட் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த சிவப்புச் சட்டைகளை முதல் தடவை துவைத்தபோது, சாயம் போய்ப் பன்னிரண்டும் இளஞ்சிவப்பாகி நின்றன. நான் கொடியடியில் அழுதுகொண்டு நின்றேன். நீ ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, "விடுங்க அண்ணி, எதிர் டீம்காரங்க நம்மளப் பாத்துச் சிரிக்கிற நேரத்துல நாலு பாயிண்ட் எடுத்துடுவோம்" என்றாய். எடுத்தாயே! அந்த வருஷம் முழுக்க நம்மை எல்லா ஊரிலும் "ரோஜாப்பூ" என்றுதான் கூப்பிட்டார்கள்.

வாலிபால் என்றால் என்னவென்றே தெரியாமல் இந்த வீட்டுக்கு வந்தவள் நான். படிப்பும் பாதியில் நின்றது. விதிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். புரியாத இடத்தை உன்னிடம் கேட்டால், சமையலறையிலேயே குதித்துக் காட்டுவாய். பரணில் இருந்த பாத்திரம் ஒன்று உன் கை பட்டு உருண்டு விழுந்த அன்றைக்குத்தான் உன் அண்ணன் உனக்கு "வெட்டுக்கிளி" என்று பேர் வைத்தார். போட்டி நாளில் நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தால், எந்த டீமுக்காக என்று எல்லாரும் வம்புக்கு இழுப்பீர்கள். யாருக்கும் அடிபடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வேன். இன்றைக்கும் அதே வேண்டுதல்தான்.

அந்த நாளில் நம்மிடம் காசும் கிடையாது, கட்டடமும் கிடையாது. இருந்தது நம் வீட்டு முன்னறையும் உன் அண்ணனுடைய விதிகளும்தான். பணத்தை வைத்திருப்பவர் பில்லில் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு விதி. அதனால் கணக்கு என்னிடம், கையெழுத்து மருந்துக்கடை அக்காவிடம். விசில் ஊத வருகிறவருக்குத் தேநீர் கொடுத்தால் செலவை இரண்டு டீமும் பாதிப் பாதி போட்டுக்கொள்ள வேண்டும். பார்க்க வருகிற அம்மா அப்பாக்கள் தங்கள் பெண்ணின் பேரைச் சொல்லிக் கத்தக் கூடாது, கத்தினால் எல்லார் பேரையும் சொல்லிக் கத்த வேண்டும். டிரில் மாஸ்டர் ஒரு நாள் தன் பெண் ஆடும்போது தொண்டை கட்ட எல்லார் பேரையும் கத்தி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. அதற்கு எத்தனை நாள் சிரித்தோம்!

முக்கியமான விதி ஒன்று உண்டு. டீமில் யார் யார் என்று முடிவு செய்கிற கூட்டத்தில், யாருடைய சொந்தக்காரர் பேர் வருகிறதோ அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். உள்ளே பேசியதை வெளியே யாரும் சொல்லக் கூடாது. முடிவு எதுவாக இருந்தாலும் அது மொத்தக் குழுவின் முடிவு, தலைவர் கையெழுத்துப் போட்டுப் பட்டியலை ஒட்டிவிட வேண்டும். இந்த விதி யாருக்காக வந்தது என்று ஊருக்கே தெரியும். சட்டை வாங்கிக் கொடுத்த கையோடு, "என் பொண்ணத்தான் கேப்டனாப் போடணும்" என்று பெயிண்ட் கடைக்காரர் முன்னறையில் மேசையைத் தட்டினார் அல்லவா? அவரை வெளியே அனுப்பத்தான் உன் அண்ணன் இந்த விதியைக் கொண்டுவந்தார். ஆனால் அது முதலில் வெளியே அனுப்பியது யாரை என்பதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய போட்டிக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த வருஷம் முழுக்க நீ தூங்கி எழுந்ததே அந்தப் போட்டிக்காகத்தான். சாயங்காலம் திடல் கொட்டகைக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். விரலை வைத்து மேலிருந்து கீழே வரை படித்தாய், மறுபடி கீழிருந்து மேலே படித்தாய். உன் பேர் இல்லை. நேராக அவரிடம் வந்து, "என் பேரு எங்க?" என்றாய். "குழு முடிவு பண்ணிருக்கு" என்றார். "குழுன்னா யாரு? கீழ இருக்கறது உன் கையெழுத்துதானே?" என்றாய். அவர், "ஆமா" என்றார்.

அந்த ஒரு "ஆமா"வோடு நின்றதுதான். அன்றைக்குக் கழற்றிய ஷூவை நீ மறுபடி மாட்டவில்லை. உன் கல்யாணத்தில் அவர் ஒரு நாற்காலி விடாமல் தூக்கிப் போட்டார். நீ அவர் போட்ட நாற்காலியில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாய். பிறகு கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டாய். பிள்ளைகளுக்குத் துணி அனுப்பினாய், எனக்கு மருந்து அனுப்பினாய். அவருக்கு என்று ஒரு கைக்குட்டை வந்ததில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவனே தன் பேரை அடித்துவிட்டான் என்று நினைக்கிற யாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

இப்போது நான் கேட்பதற்கு நீயே பதில் சொல். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டியல் வருவதற்கு முன்னால், பயிற்சி நடந்ததே, அந்தப் பந்து உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல் மாதிரி இருந்ததே! முதல் பந்தை அடித்ததும் கையை உதறிக்கொண்டு வந்து, "யாரு அண்ணி இதுக்குக் காத்தடிச்சது? மணிக்கட்டே போச்சு" என்று கத்தினாய். எல்லாரும் ஆளுக்கொரு தடவை அடித்துவிட்டுக் கையை ஊதிக்கொண்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை, பொய் சொல்ல எனக்கு வராது. பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்தப் பந்துக்குக் காற்றடித்தவர் உன் அண்ணன்தான். நம் சமையலறையில் உட்கார்ந்து அடித்தார்.

அன்று காலை குழு முன்னறையில் உட்கார்ந்திருந்தது. நான் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முக்காலியில் சாய்ந்திருந்தேன். சின்னவள் அப்போது வயிற்றில். திடீரென்று உன் அண்ணன் உள்ளே வந்தார். கூட்டம் முடிந்ததா என்று கேட்டேன். "இல்ல. வெட்டுக்கிளி பேரு வந்திருக்கு" என்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தண்ணீர்ப் பானையைத் திறந்தார், மூடினார். மூலையில் காற்று இறங்கிய பந்தும் பம்பும் கிடந்தன. கீழே உட்கார்ந்து பந்தை இரண்டு காலுக்கு நடுவில் வைத்து அடிக்க ஆரம்பித்தார். முன்னறையில் பேச்சுச் சத்தம் எழும்பினால் வேகமாக அடிப்பார். அங்கே அடங்கினால் இவரும் நிறுத்துவார், காதைத் தீட்டிக்கொள்வார், பிறகு கேட்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி அடிப்பார். நான், "போதுங்க, வெடிச்சிடும்" என்றேன். அது அவர் காதில் விழவில்லை.

கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். போனார். எழுதி முடித்த பட்டியலை மேசையில் வைத்திருந்தார்கள். அவர் காரணம் கேட்கவில்லை, கேட்க அவர் போட்ட விதியில் இடமில்லை. கையெழுத்துப் போட்டார். உள்ளே யார் என்ன சொன்னார்கள், எதனால் உன் பேர் விழுந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன். உள்ளே நடந்ததை எழுத எனக்கு உரிமையும் இல்லை. வெளியே நடந்தது எனக்குத் தெரியும், அதைத்தான் எழுதுகிறேன்.

நீ அழுதுகொண்டே போன பிறகு நான் அவரிடம் சண்டைக்கே போனேன். "நான் அந்த ரூம்லயே இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "நான் வெளிய இருந்தேன்னு சொன்னா, உள்ள இருந்த அவங்கதான் இவள எடுக்கலன்னு ஆயிடும். நாளைக்கு இவ அவங்க மூஞ்சில முழிக்க மாட்டா. இவளுக்காக நாலு பொண்ணுங்க சேந்து நிப்பாங்க. போட்டிக்கு முன்னாடியே டீம் உடைஞ்சிடும். என் மேல கோவப்பட்டா வீட்டோட போச்சு. தலைவன் எதுக்கு இருக்கான், திட்டு வாங்கத்தானே? ஒரு வாரத்துல சரியாயிடுவா."

ஒரு வாரமாம்! விதி எழுதத் தெரிந்த மனுஷனுக்குத் தங்கையைத் தெரியவில்லை. அது மட்டும் இல்லை, "உன் கடவுள் மேல சத்தியம் பண்ணு, அவகிட்ட சொல்ல மாட்டேன்னு" என்று என்னிடம் கையை நீட்டினார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அதனால்தான் "உன் கடவுள்" என்றார். என் கடவுள் என்பதால்தான் நான் அதை மீறவில்லை.

பிறகு ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று. இனி சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி இருக்கும் என்று அவர் நினைத்தார். நம் திடல் போய்ப் புது மைதானம் வந்தது. சிமெண்ட் தரை, விளக்குக் கம்பம், சட்டையில் கம்பெனி பேர் எல்லாம் வந்தது. பெயிண்ட் கடைக்காரரும் டிரில் மாஸ்டரும் கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குழுக் கூட்டம் மட்டும் இன்றைக்கும் நம் முன்னறையில்தான் நடக்கிறது. அந்தப் பழைய மேசையும் அங்கேயேதான் இருக்கிறது, ஒரு கால் ஆடும்.

இப்போது சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் உன்னை மாதிரிக் குதிக்க மாட்டாள், ஆனால் ஆட்டத்தைப் படிப்பாள். பயிற்சியாளர் படிப்பு முடித்தாள், அதோடு விளையாட்டுச் சங்கங்களை நடத்துவது எப்படி என்றும் ஒரு படிப்பு படித்தாள். அந்தப் புத்தகத்தை மதியம் அவள் தூங்கும்போது நான் எடுத்துப் படிப்பேன். நாம் சாம்பலும் கையுமாக நின்றுகொண்டு செய்ததற்கெல்லாம் அதில் பெரிய பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். "சொந்தக்காரன் பேரு வந்தா எழுந்து போ" என்று உன் அண்ணன் ஒரு வரியில் சொன்னதற்கு அதில் ஒரு முழு அத்தியாயம்! படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "நம்மகிட்ட காசு குடுத்துக் கேட்டிருந்தா நாமளே எழுதிக் குடுத்திருப்போம்" என்றார்.

இந்த வருஷம் நம் பெண்கள் டீமுக்குப் பயிற்சியாளர் வேண்டியிருந்தது. சின்னவள் விண்ணப்பம் போட்டாள். நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் போட்டிருந்தாள். நான் தலைவரான பின் நடந்த முதல் தேர்வுக் கூட்டம் அது. சின்னவள் பேர் வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அங்கே உன் அண்ணன் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய், கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு பந்தையும் பம்பையும் எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார். வெட்டுக்கிளி, இத்தனை காலம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நானும் அடித்தேன். கை ஓய்ந்து போகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. உள்ளே நம் பெண்ணைப் பற்றி என்ன பேசுகிறார்களோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்ளும்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது.

கூப்பிட்டார்கள். போனேன். நூலகப் பெண்ணின் பேர் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சின்னவள் சாயங்காலம் வந்து, "அம்மா, நீகூட எனக்குக் கை தூக்கலையா?" என்று கேட்டாள். அதே முகம். உன் முகம்தான், அத்தையை உரித்து வைத்திருக்கிறாள். நான், "குழு முடிவும்மா" என்றேன். என் வாயிலிருந்து உன் அண்ணன் குரல் வந்தது. அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு மேசைக்கு வருவாள், என் கையால் பரிமாறினால் தட்டை நகர்த்திக்கொள்வாள். அது ஓயவில்லை. எனக்குப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் கண்ணை மூட பயமாக இருந்தது.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலை, சின்னவள் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "உங்கம்மா அந்த ரூம்ல இல்ல" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உன் பேரு வந்தப்ப எழுந்து வெளிய வந்துட்டா. என் பக்கத்துல உக்காந்து பந்துக்குக் காத்தடிச்சா. நான் பாத்தேன். கை ஓஞ்சும் நிறுத்தல அவ" என்றார். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டேன். தனக்காக ஒரு வார்த்தை வாயைத் திறக்காத மனுஷன், வெட்டுக்கிளி. எனக்காகத் திறந்துவிட்டார். சின்னவள் ஒற்றைக் காலில் ஷூவோடு ஓடி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "சொல்லக் கூடாதாம்மா இத?" என்றாள். "சொல்லலாம்னு விதியில இல்லையே" என்றேன். "அப்போ விதிய மாத்து. நீதானே தலைவர்?" என்றாள்.

அவளுடைய புத்தகத்திலும் அந்த அத்தியாயத்தின் கடைசியில் அது இருந்தது. வெளியே போனவர் வெளியே போனார் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டுமாம். நாம் எழுந்து போகக் கற்றுக்கொண்டோம். போனதைச் சொல்ல மட்டும் நமக்குத் தோன்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. பட்டியல் ஒட்டும்போது, எந்தப் பேர் வந்தபோது யார் அறையில் இல்லை என்பதையும் அதன் கீழேயே எழுத வேண்டும் என்று நானே தீர்மானம் வாசித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்காமல் ஒரே மூச்சில் வாசித்தேன். ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது பின்வரிசையில் முதலில் எழுந்த கை உன் அண்ணனுடையது. மற்றவர்கள் தூக்குவதற்கு முன்னாலேயே தூக்கிவிட்டார். எல்லாரும் இறக்கிய பிறகும் இறக்கவில்லை. மருந்துக்கடை அக்கா, "எண்ணியாச்சு, கையை இறக்குங்க" என்று சொன்ன பிறகுதான் இறக்கினார்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, அவருக்கு மூச்சு வாங்கியதால் ஒரு கடை வாசலில் நின்றோம். நான் மெதுவாக, "பழைய பட்டியலுக்கும் இந்த விதி பொருந்துமா?" என்று கேட்டேன். அவர் தெருவைப் பார்த்தபடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "தலைவர் நீ. என்னைக் கேக்கறே?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கடவுள் முன்னால் நின்று, சத்தியம் வாங்கியவரே அவிழ்த்துவிட்டார், இனி இது என் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து பேனாவை எடுத்தேன்.

ஆகவே, தலைவர் என்ற முறையில் எழுதுகிறேன். பெரிய போட்டிக்கான அந்தப் பட்டியலின் கீழே இதைச் சேர்த்துக்கொள்: வெட்டுக்கிளி பேர் வந்தபோது தலைவர் அறையில் இல்லை. சமையலறையில் இருந்தார்.

நீ அன்றைக்குப் பட்ட வலி இதனால் குறையாது. பேர் விழுந்தது விழுந்ததுதான், அந்தப் போட்டி இனித் திரும்பி வராது. அவர் செய்தது சரி என்றும் நான் சொல்லவில்லை, சின்னவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சொல்லவும் முடியாது. ஆனால் உன் பேரை அடித்த கை அவருடையது இல்லை. இது உனக்குத் தெரியாமலே நீங்கள் இரண்டு பேரும் இப்படியே இருந்துவிட்டால், எனக்கு அப்புறம் எந்தப் பிரார்த்தனையிலும் மனது நிற்காது.

அவர் உன்னை வரச் சொல்லி எழுதச் சொல்லவில்லை. கேட்டால், "அவளுக்கு அங்க ஆயிரம் வேலை இருக்கும்" என்பார். ஆனால் ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது, கூட இருக்கிற சொந்தம் யார் யார் என்று கேட்டார்கள். என் பேரைச் சொன்னார், பிள்ளைகள் பேரைச் சொன்னார். கடைசியில், "ஒரு தங்கச்சி உண்டு" என்றார். "வருவாங்களா?" என்று அந்த நர்ஸ் பெண் கேட்டாள். அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

தேதி இன்னும் குறிக்கவில்லை. அடுத்த மாதக் கடைசி என்றுதான் பேச்சு. அதற்கு முன்னால் நீ வந்துவிடு. ஷூ கொண்டு வர வேண்டாம், சின்னவளுடையது உனக்குச் சரியாக இருக்கும். முன்னறையில் உட்கார வேண்டாம், நேராகச் சமையலறைக்கு வா. அவர் அங்கேதான் இருப்பார்.

உன் வீட்டில் அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வா.

உன் குடும்பத்துக்குக் கடவுள் எல்லா நன்மையும் தரட்டும். வருகிற வழியில் உனக்கு ஒரு சிராய்ப்புகூடப் படக் கூடாது என்று இன்றிலிருந்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். பந்துக்கு இந்தத் தடவை நானே காற்றடித்து வைக்கிறேன். அளவாகத்தான் அடிப்பேன்.

என்றும் உன் வருகையைப் பார்த்திருக்கும்,
உன் அண்ணி